கேரட் கலரில் ஒரு குடும்பம்

தமிழ்நாட்டில் யாரும் பட்டா போடாத நிறம் என்று ஒன்று கிடையாது. சிவப்பு கட்டினால் மேல்மருவத்தூர். கறுப்பு கட்டினால் கார்த்திகையில் ஐயப்பன், மற்ற மாதங்களில் பெரியார். பச்சை வேட்டி பழனிக்கு நடக்கிறவர்களுடையது. மஞ்சள் மாரியம்மனுக்கு, அதுவே தோளில் துண்டாக விழுந்தால் கலைஞருக்கு. நீலம் அம்பேத்கருக்கு. வெள்ளையை ஆண் உடுத்தினால் ஒரு அர்த்தம், பெண் உடுத்தினால் வேறு அர்த்தம். ஒரு குடும்பத்தையே ஒரே நிறத்துக்குள் உட்காரவைத்துப் படம் எடுக்கலாம் என்று கிளம்பியவன், எந்த நிறம் என்ற முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பின்னால் தொங்கும் துணி, ஆள் போட்டிருக்கும் உடை, கையில் வைத்திருக்கும் சாமான், உட்கார்ந்திருக்கும் ஸ்டூல், எல்லாம் ஒரே நிறம். அதற்குள் அந்த ஆள் ஏதாவது குறும்பாகச் செய்ய வேண்டும். இன்ஸ்டாகிராமில் இது மூலைக்கு மூலை கிடக்கிறது. நவராத்திரி வந்தால் ஆபீஸ் லிஃப்ட் முன்னால் நடப்பதும் இதன் தங்கச்சிதான்: திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு என்று எல்லாரும் ஒரே நிறத்தில் வந்து நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு மராத்தி நாளிதழ் கிளப்பிவிட்ட பழக்கம் அது. இப்போது நம்ம ஊர் வங்கிகளிலும் ஏதோ ஆகமத்தில் சொன்ன மாதிரி நடக்கிறது.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஒரு பழைய படத்தைப் பார்த்து. லண்டனில் யெவோண்ட் என்று ஒரு பெண் ஸ்டூடியோ வைத்திருந்தார். 1932-ல் ஜோன் மாட் என்ற நடிகையை அவர் எடுத்த படம்: செம்பட்டை முடி, பின்னால் சிவப்பு, எங்கு பார்த்தாலும் சிவப்பு. அது 1932 என்பதை மறந்துவிடக் கூடாது. கலர் என்றாலே விளம்பரத்துக்கு, கௌரவமான முகப்படம் என்றால் கறுப்பு வெள்ளை என்று இருந்த காலம். அவர் பயன்படுத்திய விவெக்ஸ் முறையில் ஒரே காட்சிக்கு மூன்று நெகட்டிவ் வேண்டும், மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிட வேண்டும். அத்தனை வேலையையும் செய்துவிட்டு, கிடைத்த எல்லா நிறத்தையும் விட்டு ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டாரே, அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போனது. 1935-ல் ஊர்ப் பெரிய மனுஷிகளைக் கூப்பிட்டு கிரேக்கத் தேவதைகளாக வேஷம் கட்டி ஒரு வரிசையே எடுத்தார். 1939-ல் போர் வந்தது, விவெக்ஸ் கம்பெனியே மூடியாயிற்று.

என் கையில் விவெக்ஸும் இல்லை, நடிகைகளும் இல்லை. கவுஞ்சியில் மாமா வீடு இருந்தது.

கவுஞ்சி தெரியாதவர்களுக்கு: கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் விடுகிற கூட்டத்தை விட்டுவிட்டு மேற்கே போனால் பூம்பாறை, அதற்கப்புறம் மன்னவனூர், அதையும் தாண்டினால் கவுஞ்சி. இன்னும் போனால் பூண்டி, கிளாவரை. அதோடு ரோடு முடிகிறது. சரிவு முழுக்கப் படிப்படியாகக் காடு. (மேல்மலையில் காடு என்றால் விவசாய நிலம், யானை இருக்கிற காடு வேறு.) உருளை, பீன்ஸ், பட்டாணி, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு, அப்புறம் கேரட்.

"ஆரஞ்சு கலர் மாமா" என்றேன்.

"காவியா மாப்ள? வேண்டாம்ப்பா. எலக்சன் நேரம், நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்."

"காவி இல்ல மாமா. கேரட்டு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "கேரட்டுன்னா சரி. அது நம்ம கலரு."

ஒரு நிறத்தைப் பிடித்துவிட்டால் வீட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது. அடுக்களையில் கேஸ் அடுப்பின் டியூப் ஆரஞ்சு. அத்தை தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் ஆரஞ்சு. மாமா பையனின் மங்கி குல்லா, எப்போதோ பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசு டிபன்பாக்ஸ், பரணில் கிடந்த தார்ப்பாய், செண்டுப்பூ, கடையில் வாங்கிய ஜாங்கிரி. கொரியாவில் யூன் ஜியோங்மி என்று ஒரு புகைப்படக்காரர், மகள் பிங்க் தவிர எதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடித்ததைப் பார்த்து, 2005-ல் குழந்தைகளின் பிங்க், நீலச் சாமான்களை அறை முழுக்கப் பரப்பி நடுவில் பிள்ளையை உட்காரவைத்து எடுக்க ஆரம்பித்தார். அந்தப் படங்களில் பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு பிங்க், ஆண் பிள்ளைக்கு நீலம் என்று கடைக்காரன் எவ்வளவு விற்றிருக்கிறான் என்பதுதான் முதலில் தெரியும். மாமா வீட்டு ஆரஞ்சை யாரும் அப்படித் திட்டம் போட்டு விற்கவில்லை. அதனால் ஒன்றுக்கொன்று சேரவும் இல்லை. குடம் ஒரு ஆரஞ்சு, தார்ப்பாய் ஒரு ஆரஞ்சு, செண்டுப்பூ பாதி மஞ்சள். கழுவாத கேரட் மண் நிறம்தான். கழுவி ஈரம் காயாமல் வைத்தால்தான் அதன் நிறம் வெளியே வருகிறது. எனக்கு இந்தச் சேராமைதான் வேண்டியிருந்தது. எல்லாம் அச்சு அசலாக ஒரே நிறமாக இருந்தால் அது பெயிண்ட் கம்பெனி காலண்டர்.

வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் சுவாரசியம். கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேல்மலையில் மேகம் மூடிய காலைதான் நல்லது, நிழல் விழாது. மூடுபனி ஏறிவிட்டால் நிறம் வெளுத்து நீலம் பூத்துவிடும். அப்போது கேமராவை மூடிவைத்துவிட்டு டீ குடிக்க வேண்டியதுதான். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பவே கூடாது. சட்டம் முழுக்க ஆரஞ்சாக இருந்தால், ஏதோ மஞ்சள் பல்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு கேமரா தானாக நீலத்தைக் கொட்டும். கையால்தான் வைக்க வேண்டும். அதற்கு வெள்ளை வேண்டுமே என்று மாமாவின் வேட்டியைக் காட்டுவதும் ஆகாது. நீலம் போட்டு அலசிய வேட்டி நம் கண்ணுக்குத்தான் வெள்ளை. சாம்பல் அட்டை ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சில் சிவப்புச் சேனல்தான் முதலில் வழியும் என்பதால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள். போதும்.

இந்த நிறத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அது வெளிச்சத்தில் முடிகிற விஷயம் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டு நிறங்களைப் பிரித்துப் பார்த்தால், மனிதத் தோல் எந்த நாட்டுக்காரனுடையதாக இருந்தாலும் ஆரஞ்சு வரிசையில்தான் வந்து நிற்கிறது. வெளுத்த தோல் வெளுத்த ஆரஞ்சு, நம் தோல் அடர்ந்த ஆரஞ்சு. அதனால் ஆரஞ்சு ஸ்லைடரைப் பிடித்து இழுத்தால் கேரட்டோடு சேர்ந்து மாமாவும் வெளுக்கிறார். இழுத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் எரிச்சல் வந்தது. கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை, பெண், பெண்ணின் பெரியம்மா எல்லாரும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வருவதற்கு இதே ஸ்லைடர்தான் காரணம். யாரும் கேட்காமலேயே செய்து கொடுக்கிறார்கள். கேட்டால், "கஸ்டமர் எதிர்பார்ப்பாங்க சார்" என்பார்கள்.

இதைப் பேசும்போது சென்னையில் 2017 இறுதியில் வந்த ஒரு வரிசையைச் சொல்லாமல் விட முடியாது. விளம்பரத் துறைக்காரர் பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக்காரர் நரேஷ் நில்லும் சேர்ந்து எடுத்த 'டார்க் இஸ் டிவைன்'. லட்சுமி, துர்க்கை, முருகன் என்று காலண்டரில் நாம் ரோஸ் பவுடர் போட்டுப் பார்த்துப் பழகிய கடவுள்களை, கறுத்த தோல் உள்ள ஆண்களையும் பெண்களையும் வைத்து, இருண்ட பின்னணியில் எடுத்திருந்தார்கள். அதுவும் வேஷம் கட்டி எடுத்த படம்தான், அதுவும் ஒரு நிறத்தை நம்பி எடுத்ததுதான். ஒரு வித்தியாசம்: அங்கே நிறத்தைத் துணிக்கடையில் வாங்கவில்லை, நடிக்க வந்தவர்களின் உடம்பிலேயே இருந்தது. நம் கோயில் மூலவர்கள் பெரும்பாலும் கருங்கல், அபிஷேக எண்ணெயில் ஊறி மினுமினுக்கிற கறுப்பு. அதைத் தினமும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வெளுத்த லட்சுமியைச் சுவரில் மாட்டுகிறோம். அந்தப் படங்களைப் பாராட்டினவர்கள் நிறைய. தொழிலில் மாற்றம் வந்ததா என்றால், ஸ்லைடர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் மாமாவை அவர் நிறத்திலேயே விட்டேன். கேரட்டுக்கும் முகத்துக்கும் நடுவே கோடு மங்கிப்போய், கண்ணும் மீசையும் பல்லும் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு வந்தன. நல்ல படம்.

படம் எடுக்கப் போனால் மேல்மலை ஜனங்கள் முதலில் காட்டுகிற முகம் ஒன்று இருக்கிறது. நிமிர்ந்து, கையைப் பக்கவாட்டில் வைத்து, ரேஷன் கார்டுக்கு எடுக்கிற மாதிரி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மன்னவனூர் வரைக்கும் கார்கள் வருகின்றன. இறங்குகிறவர்கள் சரிவைப் படம் எடுப்பார்கள். பச்சைக்கு நடுவில் களை வெட்டும் பெண் இருந்தால் இன்னும் நல்லது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது காரில் வந்த பழக்கமும் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். நம் மலைப் பளியர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆளை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து எழுதியது அந்தக் காலம். அளக்கப்படுகிறவன் சிரிக்க என்ன இருக்கிறது?

இதைக் கிண்டல் செய்தே ஒரு வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்ற புகைப்படக்காரருடன் சேர்ந்து 2000-லிருந்து 2004 வரை எடுத்த தென்னிந்தியப் பெண்கள் வரிசை. கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அளவெடுக்கப்படும் பெண்ணாகத் தானே நிற்பார். ரவி வர்மாவின் லட்சுமியும் அவரே. எழுபதுகளின் தமிழ்ப் படத்தில் சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதாவும் அவரே. அளந்தவனை அளக்கப்பட்டவள் நடித்துக் காட்டுகிற மாதிரி. ஒரு பேராசிரியர் நான்கு அத்தியாயத்தில் சொல்வதைப் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடும்.

எனக்கு அதைவிட நெருக்கமானவர் காப் ஷிவா. இயற்பெயர் சிவராஜு, பெங்களூருவில் போலீஸ்காரராக இருந்தவர். கர்நாடகத்துக் கிராமப் பள்ளி ஆசிரியர் பாகதேஹள்ளி பசவராஜ், உடம்பு முழுக்க வெள்ளி நிறம் பூசிக்கொண்டு காந்தியாக ஊர் ஊராகப் போய் நிற்பார். ஷிவா கேமராவை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். சந்தை, பஸ், வீட்டுத் திண்ணை, எங்கும் அந்த வெள்ளி மனிதர். சுற்றி இருப்பதெல்லாம் சாதாரண நிறம், இவர் ஒருவர் மட்டும் சிலை நிறம். குழந்தைகள் சிரிக்கிறார்கள், பெரியவர்கள் கும்பிடுகிறார்கள். எம்.ஜி.ஆர். வேஷத்தை விடாமல் வாழும் வித்யாசாகர் என்பவரையும் அவர் தொடராக எடுத்திருக்கிறார். இரண்டிலும் ஒன்று பொது: வேஷம் முழுக்க முன்னால் நிற்கிற ஆளுடையது, கேமராக்காரர் விருந்தாளி. நான் மாமா வீட்டில் செய்ய நினைத்ததும் அதுதான். நிறம் மட்டும் என்னுடைய சட்டம். அந்தச் சட்டத்துக்குள் என்ன ஆட்டம் ஆடுவது என்பது அவர்கள் பாடு. விளையாட்டுக்கு ஒரு விதி இருந்தால் போதும், கேமராவைப் பார்த்த பயம் விதியைப் பார்த்ததும் போய்விடுகிறது. "மாமா, இயல்பா இருங்க" என்று சொன்னால் இரும்பாகிறவர், "மாமா, கேரட்ட போன் மாதிரி காதுல வச்சுப் பேசுங்க" என்றால் ஐந்து நிமிடம் யாரிடமோ உரப் பாக்கியைப் பற்றிச் சண்டை போடுகிறார்.

அம்மாச்சிதான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது.

தாத்தா போனதிலிருந்து வெளிறிய சேலை தவிர வேறு கட்டுவதில்லை. கூப்பிட்டபோது, "கெழவிக்கு எதுக்குய்யா கலரு, பிள்ளைகள எடு" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். மாமா கேரட்டும் போனுமாக ஆடியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து மாமாவின் ஆரஞ்சுத் துண்டை உருவித் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார்.

"தராசு எங்கடி?" என்று அத்தையைக் கேட்டார். ஆரஞ்சு இல்லாத தராசு சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்ல வாயெடுத்தேன், எடுபடவில்லை. கேரட் குவியல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, தட்டைச் சுண்டுவிரலால் லேசாக அழுத்தி, "இன்னைக்கு வெல இல்லம்மா. சரக்கு பூரா வெடிப்பு. போட்டுட்டுப் போ, அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

கீழே மண்டியில் உட்கார்ந்திருக்கும் ஆள். குரல், கழுத்தை வெட்டும் விதம், துண்டு நோட்டைப் பார்க்காமலே கிழிக்கிற கை, எல்லாம் அச்சு. மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூட்டை தூக்கிப் போய் நின்ற காலத்தில் இந்த ஆளை அம்மாச்சி எத்தனை முறை இப்படி முறைத்துப் பார்த்திருக்க வேண்டும்! எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, முண்டாசு கிடைத்ததும் இறக்கிவிட்டார். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இதில் கால்வாசி வந்திருக்காது. மொத்த வரிசையில் இதைத்தான் பெரிதாக அச்சுப் போட்டேன்.

மாமா பெண் எட்டாவது படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள். "ஒரே கலர்னா மத்ததெல்லாம் மறஞ்சு போகும்ல அத்தான், அப்புறம் எப்படி நல்லாருக்குங்கிற?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்ல யெவோண்ட் வரைக்கும் போக வேண்டியதில்லை. கொடைக்கானலிலேயே சூரிய ஆய்வகம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போயிருக்கிறார்கள். 1899-ல் சென்னையிலிருந்து மலைக்கு வந்த ஆய்வகம் அது. போன நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே சூரியனுக்கு ஒரே நிறத்தில் முகப்படம் எடுத்துவந்தார்கள். ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி, சூரிய ஒளியைப் பிரித்து, கால்சியம் உமிழ்ந்து உறிஞ்சும் ஊதா நிறத்து ஒற்றைக் கோட்டை, 393.4 நானோமீட்டர் அலைநீளத்தை, மட்டும் கண்ணாடித் தட்டுக்கு அனுப்பும். 1912-லிருந்து ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டிலும் எடுத்தார்கள். எல்லா நிறமும் சேர்ந்து வந்தால் கண் கூசும் வெள்ளைத் தட்டு, அதில் சில கரும்புள்ளிகள், அவ்வளவுதான் சூரியன். ஒரு நிறத்தை மட்டும் விட்டால், அந்த வெளிச்சத்தில் மூழ்கிக் கிடந்த மேல் அடுக்கு எழுந்து வருகிறது: திட்டுகள், இழைகள், விளிம்பில் பீறிடும் சுடர். 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளுக்குள் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்ததும் இதே மலையில்தான், இதே மாதிரி ஒளியைக் கோடு கோடாகப் பிரித்துப் பார்த்துத்தான். நூறு ஆண்டுத் தட்டுகளையும் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள்.

"அப்போ மத்த கலரெல்லாம்தான் மறைக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். அதை வைத்துக்கொண்டு அடுத்த தடவைக்கு அவள் கேட்ட நிறம் குறிஞ்சி. 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான் என்றால் கேட்கிறாளா? பரவாயில்லை, அதற்குள் ஊதாத் துணியெல்லாம் சேர்த்துவைக்கிறேன் என்கிறாள். பூவைப் பறிக்கக் கூடாது, பூ இருக்கும் இடத்துக்குத்தான் நாம் போக வேண்டும் என்று அப்போதே ஒப்பந்தம் போட்டாயிற்று. அத்தை பூண்டு வெள்ளை என்கிறார். வெள்ளையில் எடுப்பது எல்லாவற்றிலும் கஷ்டம், அதைத் தனியாக எழுத வேண்டும்.

அச்சுப் போட்ட படங்களை அடுத்த முறை போகும்போது கொடுத்தேன். மாமாவுக்குக் கேரட் போன் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. கோயில் திருவிழா வந்தது. ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும், மாமா விழாக் குழுவில் இருக்கிறார், நல்ல படம் ஒன்று வேண்டும் என்று ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். அங்கே இருந்த தம்பி முதல் வேலையாக ஆரஞ்சு மொத்தத்தையும் வெட்டி எறிந்திருக்கிறான். பின்னால் பனி மூடிய சுவிட்சர்லாந்து, பக்கத்தில் பாய்கிற அருவி, மாமா முகம் கல்யாண ஆல்பத்து நிறத்தில் பளபளவென்று. காதில் இருந்த கேரட்டையும் நிஜப் போனாக மாற்றிவிட்டான்.

எனக்குப் படம் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டார். "எப்பிடி இருக்கு மாப்ள?"

"மாமா, நம்ம மலைய விட்டுட்டு சுவிட்சர்லாந்தா?"

"நம்ம மலையத்தான் தெனம் பாக்குறானுகளே" என்றார். "அந்தப் பயகிட்ட சொல்லி அம்மாச்சி படத்தையும் போடச் சொல்லிருக்கேன். அதுல மட்டும் எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கீழ மண்டில இருந்து ஆளுக திருவிழாவுக்கு வருவாங்கள்ல."